மலைப் புறவும் ஏரிக்கரையும்: காணத்தக்க கோல்ப் ஆடுகளங்கள் சில

ஆட்டங்களுள் பெரும்பாலன, எந்நாட்டிலும் ஒரே அளவினதாகிய தரையை வேண்டுவன. டென்னிஸ் ஆடும் களம் பாளையங்கோட்டையிலும் 78 அடி நீளமே, இலண்டனிலும் 78 அடி நீளமே. மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் நிலத்தின் இயல்பை முற்றும் அழித்த பின்னரே அக்களத்தில் ஆட்டம் தொடங்கும். கோல்ப் என்னும் ஆட்டமோ இதற்கு மாறானது. மேடு மேடாகவும் ஓடை ஓடையாகவும் நிற்க, நிலம் கிடந்தவாறே அதனை ஏற்று ஆடப்படுவது அது. ஆதலின், ஒரு கோல்ப் களத்தைக் காணச் செல்வோன் ஒரு விளையாட்டைக் காண்பதோடு ஒரு நிலத்தையும் காண்கிறான். நிலத்தை முதற்பொருளாக வைத்து வாழ்க்கையை வகுத்த மொழியைக் கற்கும் நமக்கு இச்செய்தி அயலானதன்று. நம் மலைகளிலும், கடல் கடந்த இலங்கையிலும், இவ்வாட்டம் பிறந்த ஸ்காட்லாந்திலும் உள்ள அழகிய களங்கள் சிலவற்றை இக்கட்டுரையில் விளக்குவேன்.

ஆட்டத்தின் இயல்பு

சிறு பந்தொன்றைக் கோலால் அடித்து, தொலைவிலுள்ள குழியொன்றில் வீழ்த்துதலே ஆட்டத்தின் சாரம். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். பந்தின் எடை ஏறத்தாழ 46 கிராம். தொடங்கும் இடத்துக்கும் குழிக்கும் இடையே நூறு கெஜமும் இருக்கலாம், ஐந்நூறு கெஜமும் இருக்கலாம். இத்தகைய குழிகள் 18 அடங்கியது ஒரு முழுக்களம். எல்லாக் குழிகளையும் மிகக் குறைந்த அடிகளில் முடித்தவன் வென்றவன். எதிரி நம் பந்தைத் தடுப்பதில்லை, பறிப்பதுமில்லை. காற்றும் சரிவும் புதரும் நீருமே எதிரிகள்.

ஸ்காட்லாந்தில் இவ்வாட்டம் மிகப் பழமையானது. 1457ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் கால்பந்தையும் கோல்பையும் ஒருங்கே தடை செய்தது. இளைஞர் விற்பயிற்சியைக் கைவிட்டு இவ்வாட்டங்களில் மூழ்கினர் என்பதே காரணம். தடையால் ஆட்டம் ஒழியவில்லை. சென்ற் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் 22 குழிகளாக ஆடப்பட்டு வந்த முறை 1764ல் 18ஆகக் குறைக்கப்பட்டது. அதுவே பின்னர் உலக வழக்காயிற்று. பிரிட்டானியத் தீவுகளுக்கு வெளியே முதன்முதல் நிலைபெற்ற கோல்ப் சங்கம் நம் நாட்டின் கல்கத்தாவில் 1829ல் தோன்றியது என்பது பலர் அறியாத செய்தி.

கோலும் பந்தும் நமக்குப் புதியன அல்ல. சங்கரன்கோவில் வட்டாரத்துச் சிறுவர்க்கு ஒரு பொட்டல் கிடைத்தாற் போதும், கிட்டிப்புள் பறக்கத் தொடங்கிவிடும். மேருவையே பாண்டியன் செண்டாலடித்த கதைக்குத் தனிப்படலம் வகுத்திருக்கிறது திருவிளையாடற் புராணம். ஆயினும், மைல் கணக்கான நிலத்தை ஒரே ஆட்டத்துக்கு ஒதுக்குதல் நம்மவர் அறியாதது. அவ்வொதுக்கீட்டின் கதைக்குப் பின்னர் வருவேன்.

நிலமும் களமும்

கோல்ப் களங்களை அவை அமைந்த நிலத்தால் வகைப்படுத்துவர். நம் திணைப் பகுப்பைக் கொண்டு நோக்கினால் அவ்வகைகள் எளிதில் விளங்கும்.

கடலோரத்து மணல்மேட்டில், கடற்காற்றுக்கு அஞ்சாத குறும்புல்லின்மீது அமைந்தவை ஒருவகை. இவை ‘லிங்க்ஸ்’ எனப்படும். நெய்தற் களம் என்று நாம் கூறலாம். திருச்செந்தூரை அடுத்த தேரி நிலத்தைக் கண்டவர், அதன்மேல் ஒட்டப் புல் போர்த்தியதாக எண்ணிக்கொள்வாராயின் லிங்க்ஸின் தோற்றம் ஒருவாறு விளங்கும். ஆற்றுவளமும் நிழல்மரமும் உடைய சமநிலத்தில், சோலைபோல் வளர்க்கப்பட்டவை மற்றொருவகை. இவை மருதக் களங்கள். பெருநகரங்களின் களங்கள் பெரும்பாலும் இவ்வகையின.

மூன்றாவது வகையே இக்கட்டுரைக்கு உரியது. உயர்ந்த மேட்டுநிலத்தில், உழவுக்கு எளிதில் இணங்காது, மரமும் அடர்ந்து வளராது, புல்லும் குறும்புதரும் போர்த்துக் கிடக்கும் திறந்தவெளியை ஆங்கிலத்தில் ‘மூர்’ என்பர். அங்கே மண் கறுத்து, நீரை உறிஞ்சி, மெத்தைபோல் இருக்கும். நம் மலையுச்சிப் புல்வெளிகள் இதனையொத்தவை. உயரத்தாலும் குளிராலும் குறிஞ்சி. திறந்த புறவாலும் ஆநிரை மேய்ச்சலாலும் முல்லை. இரு திணையும் மயங்கிய நிலம் இது.

இத்தகைய களத்தில் ஆடுவோனுக்கு நிலம் வைக்கும் சோதனைகள் பல. ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் ஊன்றி அடிக்க நேரும். மெத்தென்ற தரையில் வீழ்ந்த பந்து எதிர்பார்த்த அளவு உருளாது. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து தரைநாட்டிற் செல்வதைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிகுதியாகச் செல்லும். இதனை அறியாதவன் குழியைக் கடந்து புதரில் பந்தைத் தேடுவான். மூடுபனி இறங்கிவிட்டாலோ, அடித்தவன் பந்தையுங் காணான், குழியையுங் காணான்.

ஏரிக்கரைக் களத்தின் சோதனை வேறு. நீர்ப்பரப்பின்மேல் தொலைவை மதிப்பிடக் கண்ணுக்கு மரமோ மேடோ துணைநில்லாமையால் அண்மை சேய்மை மயங்கும். பகலில் கரை சூடேறியபின் நீரிலிருந்து கரையை நோக்கிக் காற்று எழும். காலையில் ஒருவாறு ஆடிய இடத்தில் பிற்பகலில் வேறுவாறு ஆடவேண்டியதாகும். நீரில் வீழ்ந்த பந்துக்கு ஓரடி தண்டம் வேறு.

உதகமண்டலம்

நம் நாட்டில் ‘மூர்’ என்னும் சொல்லுக்கு நேராகக் காட்டத்தக்க இடம் நீலகிரியின் வென்லாக் டவுன்ஸ் ஆகும். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 7,300 அடி உயரத்திலுள்ள உதகையினின்றும் கூடலூர்ச் சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர், அலைமேல் அலையாகப் புல்மேடுகள் எழுந்து விழுவதைக் காண்பர். அம்மேடுகளிடையே அமைந்தது உதகமண்டலம் ஜிம்கானா சங்கத்தின் 18 குழிக் களம்.

இக்களத்தின் அழகு அதன் வெறுமையிலேயே உள்ளது. பூந்தொட்டியுமில்லை, வெட்டி அழகுபடுத்திய வேலியுமில்லை. வான்விளிம்பு வரை மடிந்து கிடக்கும் நிலமும், மடிப்புகளில் கருமையாய்த் தேங்கிய சோலைகளும், மேலே விரைந்தோடும் மேகங்களின் நிழலுமே காட்சி. மேட்டின்மேல் நின்று அடித்த பந்து பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்மேட்டில் விழும்போது, கோலெடுத்தறியாதவனும் ஒரு கணம் மூச்சடங்கி நோக்குவான்.

ஆங்கிலேயர் இந்நிலத்தைக் கண்டு தம் நாட்டை நினைந்து ஏங்கினர். ஏக்கத்தோடு நில்லாது, தம் நாட்டுச் செடிகளையும் கொணர்ந்து நட்டனர். மஞ்சட்பூப் பூக்கும் ‘கார்ஸ்’ என்னும் முட்புதரும், ‘ஸ்காட்ச் புரூம்’ என்னும் புதரும் அவ்வாறு வந்தவை. இன்று நீலகிரியில் அவை மஞ்சள் விரித்தாற்போல் பூத்து நிற்றலைக் காண்போர் மயங்குவர். ஆயின், அவை பரவிய இடத்தில் மலைக்குரிய புல் மடிகின்றது என்பதையும் உடன் அறிதல் வேண்டும்.

ஜான் சலிவன் 1823ல் தொடங்கி அமைத்த உதகை ஏரி நகரின் தாழ்ந்த பகுதியிலுள்ளது, களமோ மேட்டிலுள்ளது. ஆகவே ஏரியையும் புறவையும் ஒரே நாளிற் காணலாமேனும் ஒரே இடத்திற் காணல் இயலாது. நீலகிரியிலேயே, குன்னூரையடுத்த வெலிங்டனில் மற்றொரு களம் உண்டு. அது பள்ளத்தாக்கினுள் அடங்கியது. வென்லாக் புறவின் விரிவை அதனிடம் எதிர்பார்த்தல் தகாது.

கோடைக்கானல்

மிஷன் கல்லூரியிற் பயில்வோர்க்குக் கோடைக்கானலின் வரலாறு ஒருவகையில் குடும்ப வரலாறு போன்றது. காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் 1845ல் பழனிமலைமேல் முதல் வீடுகளைக் கட்டினர். ஊரின் பிறப்பு அது. மதுரைக் கலெக்டராயிருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்சு 1863ல் ஓடைநீரைத் தேக்கி, விண்மீன் வடிவினதாகிய ஏரியை உண்டாக்கினார். உயிர் பிழைக்க வந்த இடம் நாளடைவில் ஓய்வுக்குரிய இடமாயிற்று. 1895ல் கோடைக்கானல் கோல்ப் சங்கம் தோன்றியது.

களம் ஏரிக்கரையை விட்டுச் சில மைல் தொலைவில், தூண்பாறைக்குச் செல்லும் வழியில், மலையின் தென்விளிம்பை ஒட்டியுள்ளது. உதகைக் களம் விரிவாலும் வெறுமையாலும் நெஞ்சைக் கவர்வதெனின், இக்களம் விளிம்பின் அண்மையால் கவர்கின்றது. பாண்டிநாட்டுச் சமவெளியில் எழும் வெண்மேகம் பள்ளத்தாக்கின் வழியே ஏறி, புல்தரையைத் தழுவி, நொடிப்பொழுதில் அனைத்தையும் மறைத்துப் பின் விலகும். விலகிய இடத்தில் காட்டெருமைகள் தலை தாழ்த்தி மேய்ந்துகொண்டிருத்தலும் உண்டு. ஒரு காளை ஓராயிரம் கிலோவுக்கு மேலும் நிறை பெறுவது. அதன் அருகே வீழ்ந்த பந்தை எடுக்கத் துணிவார் யார்? ஆட்டத்தை நிறுத்தி, அது நகருமளவும் காத்திருப்பதே அறிவுடைமை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று இலக்கணத்திற் பயின்றோம். அக்களத்தில் அவ்விலக்கணத்துக்குப் புதியதோர் உரை கிடைக்கும்.

பன்னீராண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இம்மலைகளுக்கு உரியது. 2006லும் 2018லும் பூத்த அது இனி 2030ல் பூக்கவேண்டும். குறிஞ்சி என்னும் நிலத்துக்கே பெயர் தந்த மலர், வெட்டிச் சமன்செய்த புல்தரையில் வளராது. வெட்டாது விட்ட மலைப்புல்லின் நடுவிலேயே வளரும். இதனை நினைவில் வைத்துக் களத்தைக் காண்பது நன்று.

நுவரெலியா

கடல் கடந்து இலங்கைக்குச் செல்வோம். மத்திய மலைநாட்டில் 6,100 அடிக்கு மேலான உயரத்திலுள்ளது நுவரெலியா. அங்கே கோல்ப் சங்கம் 1889ல் நிறுவப்பட்டது. ஊரின் நடுவிலேயே, ஓங்கிய மரங்களும் ஓடைகளும் ஊடாட, மேடும் பள்ளமுமாக 18 குழிகள் அமைந்துள்ளன. ஆளுநர் சர் வில்லியம் கிரெகரி 1873ல் உண்டாக்கிய ஏரி ஊரின் ஒருபுறத்தே விளங்குகின்றது. குளிர்ந்த ஏரி, புல்மேடு, கல்லாற் கட்டிய பழைய இல்லங்கள் ஆகிய மூன்றும் கூடி ஸ்காட்லாந்தின் சாயலை மிகுதியும் உடைய இடம் இது எனலாம்.

களத்தின் அருகே ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டமொன்று உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேர்பெற்ற மேஜர் தாமஸ் ராஜர்ஸ் 1845ல் இடிவீழ்ந்து மாண்டு அங்கே புதைக்கப்பட்டார். யானைகள் திரிந்த காடு தேயிலைத் தோட்டமாகவும் ஆட்டக்களமாகவும் மாறிய கதைக்கு அக்கல்லறை ஒரு முன்னுரை போல நிற்கிறது.

அக்கதையின் எஞ்சிய பகுதி நம்முடையது. நுவரெலியாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியவர் தமிழர். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து சென்றவர் அவர். கரிசற் சீமையில் மழை பொய்த்த ஆண்டுகளில் வெறிச்சோடிய வீடுகளுக்கும் அம்மலையின் பசுமைக்கும் உள்ள உறவு இது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருள் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964ல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவருள் ஒரு பகுதியினர்க்கு வாழ்வளிக்கத் தமிழ்நாட்டரசு 1968ல் தொடங்கி நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. மலையில் தொடங்கிய வாழ்வு மற்றொரு மலையில் தொடர்ந்தது. இன்று இலங்கையின் தொழின்முறைக் கோல்ப் ஆட்டக்காரர் வரிசையில் தங்கராஜா, பிரபாகரன் என்னும் தமிழ்ப் பெயர்களைக் காண்கிறோம். துரைமார்க்கென வகுத்த ஆட்டம் கைம்மாறிய சிறப்பை இஃது உணர்த்தும்.

நீரருகுக் களங்கள்

ஏரிக்கரைக் களம் என்னும் பெயர்க்கு முற்றும் பொருந்துவது கண்டிக்கு அருகே, திகணையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய களமாகும். டொனால்டு ஸ்டீல் என்பார் வகுத்த அது 1999ல் திறக்கப்பட்டது. தென்னையும் பழமரங்களும் நிழல் செய்ய, நிலம் படிப்படியாக நீரை நோக்கி இறங்குகிறது. நீருக்கப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடர் நீலமாய் நிற்கிறது. காட்சியழகில் இதனை விஞ்சும் களம் தென்னாசியாவில் அரிது என்பர்.

அந்நீர் இயற்கை ஏரியன்று. மகாவலித் திட்டத்தின் ஓர் உறுப்பாகப் பிரித்தானிய உதவியோடு கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985ல் திறக்கப்பட்டது. அணை நீரை ஏந்தியபோது பழைய தெல்தெனிய நகரும் பல சிற்றூர்களும் மூழ்கின. நீர் வற்றும் ஆண்டுகளில் மூழ்கிய கட்டிடங்களின் எச்சம் வெளிப்படுவதுண்டு. கரையில் நிற்போன் காண்பது அழகிய நீர்ப்பரப்பு. அதன் அடியிற் கிடப்பது ஓர் ஊர்.

ஸ்காட்லாந்தில் ‘லொக்’ என்பது ஏரி. அந்நாட்டு லொக் லோமண்டு ஏரிக்கரையில், காலகோன் குலத்தலைவரின் பழைய ராஸ்டூ மாளிகையைச் சூழ்ந்து ஒரு களம் 1990களில் அமைக்கப்பட்டது. ஸ்காட்டிஷ் ஓப்பன் என்னும் பெரும்போட்டி 2010 வரை பல்லாண்டு அங்கே நிகழ்ந்தது. அஃது உறுப்பினர்க்கே உரியது. வழிச்செல்வோன் எளிதில் நுழைய இயலாது. மேட்டுநிலக் களத்துக்கு அந்நாட்டார் முதலிற் காட்டுவது பெர்த்ஷயரிலுள்ள கிளெனீகிள்ஸ். ஜேம்ஸ் பிரெய்டு என்னும் பேராட்டக்காரர் வகுத்த அரசன் களமும் அரசி களமும் அங்கே உள. ஹெதர் என்னும் குறும்புதர் கோடையின் இறுதியில் ஊதாநிறப் பூவாற் போர்த்த, மேடுகளிடையே ஒவ்வொரு குழியும் தனித்ததோர் அறைபோல் ஒதுங்கியிருத்தல் அக்களத்தின் சிறப்பு.

நிலம் யாருக்கு உரியது?

இதுகாறும் அழகைக் கூறினேன். இனி அவ்வழகின் விலையைக் கூறாது விடுதல் அறமாகாது.

உதகையின் புல்வெளியை ஆங்கிலேயர் தரிசு என்று கணக்கில் எழுதினர். உழவில்லாத நிலம் அவர்க்கு வெறுநிலமாகத் தோன்றியது. தொதவர்க்கோ அஃது எருமை மேயும் வாழ்நிலம். ஒவ்வொரு குன்றுக்கும் ஒவ்வோர் ஓடைக்கும் பெயருண்டு, வழிபாடுண்டு. தரிசு என்னும் ஒரு சொல்லால் அவ்வுரிமை கணக்கினின்றும் நழுவியது. நழுவிய நிலத்தில் ஆட்டக்களமும் எழுந்தது, வேட்டைக்களமும் எழுந்தது. பின்னர்ச் சீகை மரமும் தைல மரமும் பைன் மரமும் எழுந்தன. விடுதலைக்குப் பின்னரும் அந்நோக்கு மாறவில்லை. தோல் பதனிடும் பட்டைக்காகவும், சிறுமுகையில் இயங்கிவந்த செயற்கைப்பட்டு ஆலையின் மரக்கூழுக்காகவும், பரந்த புல்வெளிகள் மரக்காடாக்கப்பட்டன.

மரம் நடுதல் நன்றல்லவோ என்று வினவுவார் பலர். எல்லா நிலத்துக்கும் நன்றன்று என்பதே விடை. மலைப்புல்லின் வேரும் அதன் கீழுள்ள கரிய மண்ணும் பருவமழையை உறிஞ்சி வைத்து, மழையற்ற மாதங்களிற் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகின்றன. விரைந்து வளரும் அயல்மரம் அந்நீரைத் தானே பருகிவிடுகிறது. புல்வெளியில் தைலமரம் நட்டபின் ஓடைநீர் குறைந்ததை நீலகிரியிலேயே அளந்து கண்டிருக்கின்றனர். பவானியும் மோயாறும் பிறப்பது அம்மலையில். பழனிமலையின் தென்சரிவில் இறங்கும் ஓடைகள் வைகையோடு கலக்கின்றன. ஆகவே, மலையுச்சியில் ஒரு மேட்டுப்புல் அழிந்தால் அதன் துன்பம் சமவெளியின் கிணற்றிலும் தெரியும். மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே வானத்தை நம்பி வாழும் சங்கரன்கோவில் கரிசற்காட்டு உழவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2022ல் தமிழ்நாட்டரசு, பரவிய அயல்மரங்களை அகற்றி இயற்கை நிலத்தை மீட்பதற்கான கொள்கையொன்றை வெளியிட்டது. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டமும் மேய்ச்சலுரிமையை ஏற்றுக்கொண்டுள்ளது. தரிசு என்ற பழைய சொல் மெல்லத் திருத்தப்பட்டு வருகின்றது.

கோல்ப் களத்தை இதில் எப்பக்கத்திற் சேர்ப்பது? நடுநிலையோடு கூறின், இருபக்கமும் அதற்கு இடமுண்டு. பிறர் நிலத்தைத் தன் களிப்புக்கு வளைத்துக்கொண்டது அது. பசுந்தரைக்காக அயற்புல்லைப் பரப்பியதும் அது. ஆயினும், சுற்றிலும் மரமும் கட்டிடமும் நெருங்கியபோது திறந்த வெளியாகவே நின்ற சில இடங்களுள் ஒன்றாகவும் அது எஞ்சியது. வெட்டாது விட்ட ஓரங்களில் மலைப்புல் இன்னும் உயிர்த்திருக்கக்கூடும். அவ்வோரங்களைப் பேணுதல் சங்கத்தார் கையிலுள்ளது.

மற்றொன்றும் உண்டு. ஆங்கிலேயர் காலத்துச் சங்கங்களுட் பல இந்தியரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. பந்துப்பையைச் சுமக்கும் ‘கேடி’யாக மட்டுமே இந்தியச் சிறுவன் உள்ளே நுழைந்தான். இருசாராரும் ஒருங்கு கூடுதற்கென்றே சென்னையில் காஸ்மாபாலிட்டன் கிளப் 1873ல் தோன்றவேண்டியதாயிற்று. நிறத்தடை இன்று இல்லை, பணத்தடை உண்டு.

இவ்விடத்தில் ஆட்டத்தின் தாய்நாடே நமக்கு வழிகாட்டுகின்றது. சென்ற் ஆண்ட்ரூஸின் பழங்களம் உலகிலேயே மிகப் புகழ்பெற்றது, அதுவோ பொதுச்சொத்து. 1974ல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்த ஓர் அறநிலையம் அதனை நடத்துகின்றது. பெரும்போட்டி நாட்களொழிய, ஞாயிறுதோறும் அங்கே ஆட்டமில்லை. ஓய்வுநாளிற் களமும் ஓய்கிறது. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அப்புல்தரையில் உலாவுகின்றனர். மேலும், 2003ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டப்படி, ஆட்டத்துக்கு இடையூறு செய்யாமலும் குழியைச் சூழ்ந்த பசுந்தரையை மிதியாமலும் கோல்ப் களங்களைக் கடந்து நடக்கும் உரிமை அந்நாட்டில் யாவர்க்கும் உண்டு. நம் மலைக்களங்களும் வாரத்தில் ஒருநாள், அரைநாளேனும், நடந்து காண்போர்க்குத் திறக்கப்படுமாயின் ஆட்டத்துக்கு இழப்பொன்றுமில்லை. நாட்டுக்கு ஊதியம் பெரிது. தம் மலை இன்னது என்று காணாத மக்கள் அதனைக் காக்க எழுவது எங்ஙனம்?

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

கோடைக்கானலுக்குச் செல்வோர் மதுரையை அடைந்து வத்தலக்குண்டு வழியாக மலையேறலாம். உதகைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மலைரயில் உண்டு. 1908ல் உதகை வரை நீட்டப்பட்ட அவ்விருப்புப்பாதை 2005ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சித்திரை வைகாசியிற் கூட்டம் மிகுதி. பருவமழை ஓய்ந்தபின், மார்கழிக் குளிர் கடுகுமுன் செல்வது இனிது. அப்போது வானம் தெளிந்து தொலைமலைகளும் தோன்றும்.

சங்கங்களின் அனுமதியை முன்னரே கேட்டறிந்து செல்க. விருந்தினரை ஏற்கும் முறை இடத்துக்கிடம் வேறுபடும். ஆடாதவர் களத்தின் நடுவே நடத்தலாகாது. மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட விரைவில் வரும் பந்து எவரையும் அறியாது. புல்வெளியின் விளிம்புச் சாலையிலிருந்தே காட்சியின் பெரும்பகுதியைப் பெறலாம். கம்பளியாடை இன்றியமையாதது. காட்டெருமையைக் கண்டால் அணுகாது விலகிச் செல்க. தொதவர் மந்தினுள் அழைப்பின்றி நுழைதல் பிறர் இல்லத்துள் நுழைதல் போன்றதே.

முடிவாக ஒன்று. மலையையும் ஏரியையும் கண்டு இறைவன் கைவண்ணத்தை வியத்தல் நம்மவர்க்கு இயல்பு. அவ்வியப்பு நின்றுவிடாது, அப்புல்லில் மேய்ந்த எருமை எங்கே, அந்நீரின் அடியில் இருந்த ஊர் எங்கே, அத்தேயிலையை நட்ட கைகள் எங்கே என்று வினவுதலாகவும் வளர்தல் வேண்டும். ஐந்திணை வகுத்த நம் முன்னோர் நிலத்தைக் கூறுமிடத்தெல்லாம் அந்நிலத்து மக்களையும் உடன் கூறினர். மக்களின்றி நிலத்தைப் பாடும் வழக்கம் அவர்க்கு இல்லை. கோல்ப் களத்தைக் காணச் செல்லும் மாணவ நண்பர்கள் அம்மரபைத் தம்முடன் கொண்டு செல்வாராக.